நுரைப்பலகைக் கல்லும் சிலேட்டுக் கல்லும்

போன அக்டோபரில் எங்கள் தெருவில் ஒரு வீட்டு முன்புல்வெளியில் ஏழு கல்லறைக் கற்கள் முளைத்தன. பள்ளி விட்டு வந்துகொண்டிருந்த என் மகள் அதில் ஒன்றின் முன் நின்று எழுத்துக்கூட்டி வாசித்தாள். "பேரி டி. அலைவ்" என்று இருந்தது. சேர்த்துச் சொன்னால் ஆங்கிலத்தில் 'உயிரோடு புதைக்கப்பட்டவன்' என்று ஒலிக்கும் சொல் விளையாட்டு அது. அவளுக்கு அது பிடிபடவில்லை.

"அப்பா, இவங்க யாரு?"

"யாரும் இல்லம்மா. சும்மா வச்சிருக்காங்க."

அடுத்த சனிக்கிழமை அவளைப் பாஸ்டன் நகரத்துக்குள் இருக்கும் கிங்ஸ் சேப்பல் இடுகாட்டுக்குக் கூட்டிப்போனேன். 1630இல் தொடங்கிய இடம். பாஸ்டனில் அதைவிடப் பழைய இடுகாடு கிடையாது. அங்கே ஒரு கல்லில் எலும்புக்கூடு ஒன்று மெழுகுவத்தியை அணைக்கப் போகிறது. தாடி வைத்த முதியவர் ஒருவர் அதன் கையைத் தடுக்கிறார். எலும்புக்கூடு மரணம், முதியவர் காலம். "இவரு யாரு?" என்று அதே கேள்வி வந்தது. இந்த முறை பதில் இருந்தது. ஜோசப் டாப்பிங், 1678இல் இறந்தவர், வயது இருபத்து மூன்று.

அக்டோபர் 31 மாலையின் ஹாலோவீன் கொண்டாட்டத்துக்காக வீட்டு வாசலில் இடுகாடு கட்டுகிறவர்கள் பார்த்துச் செய்வது பெரும்பாலும் இந்தக் கற்களைத்தான். நானும் இரண்டு ஆண்டுகளாகக் கட்டுகிறேன். வாசல் கல்லையும் பழைய கல்லையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒன்று மற்றொன்றிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது, எதை விட்டுவிட்டது என்பது தெரியும். எனக்கு அது வெறும் அலங்கார விஷயமாகத் தோன்றவில்லை.

முதலில் பொருள். வாசல் இடுகாட்டின் கல், கட்டடச் சுவர்களுக்குள் குளிர் தாங்க வைக்கும் ஃபோம் பலகை. இளஞ்சிவப்பிலோ நீலத்திலோ வரும். தெர்மாகோலின் நெருங்கிய உறவு. ஆனால் தெர்மாகோல் மாதிரி மணிமணியாக உதிராது, கத்தி போட்ட இடம் மொழுமொழுவென்று இருக்கும். நான்கடிக்கு எட்டடிப் பலகை, இரண்டு அங்குல கனம். இரண்டடி அகலம், முப்பத்திரண்டு அங்குல உயரம் என்று அளந்தால் ஒரு பலகையில் ஆறு கற்கள் கிடைக்கும், துண்டு வீணாகாது. ஒரு கல்லைச் சிறுபிள்ளை ஒரு கையில் தூக்கிவிடும்.

மற்றது சிலேட்டு. நம் ஊரில் பள்ளிப் பிள்ளைகள் பலப்பத்தால் எழுதிய அதே கல்தான். அடுக்கடுக்காகப் பிளக்கும், மிக நுண்ணிய மணல்கூடத் தெரியாத கருங்கல் நிறப் பலகை. இரண்டு மூன்று அங்குல கனத்தில் பிளந்து, மேற்பரப்பைத் தேய்த்து, உளியால் எழுத்து வெட்டினார்கள். நுண்மை காரணமாக வெட்டின் விளிம்பு நூல் பிடித்தது போல நிற்கும். பாஸ்டனின் கிரானரி இடுகாட்டில் (அது 1660இல் வந்தது) நின்று பார்த்தால், மூன்று நூற்றாண்டுக்கு முந்தைய பல எழுத்துகளை விரல் வைத்தே படிக்கலாம் போலிருக்கும். விரல் வைக்கக்கூடாது என்பது வேறு விஷயம். 19ஆம் நூற்றாண்டில் நாகரிகமாக வந்த வெள்ளைப் பளிங்குக் கற்கள்தான் மழையில் கரைந்து, தொட்டால் சர்க்கரை மாதிரி உதிர்ந்து, பெயர் அழிந்து நிற்கின்றன.

இந்த இடத்தில்தான் எனக்கு முதல் வியப்பு. வாசல் இடுகாடு கட்டுகிறவர் தன் உழைப்பில் பாதியைக் கல்லைப் பழசாக்குவதில் செலவிடுகிறார். விளிம்பை விரலால் பிய்க்கிறார். ஹீட் கன் காட்டி மேற்பரப்பைச் சுருக்குகிறார். சால்டரிங் அயர்ன் நுனியால் குறுக்கே விரிசல் இழுக்கிறார். கடைசியில் பச்சைச் சாயத்தில் மரத்தூளைக் குழைத்துப் பாசி என்று அப்புகிறார். சிலேட்டு வெட்டிய கல்தச்சர் உழைத்ததோ இதற்கு நேர் எதிரான ஒன்றுக்கு: தன் எழுத்து எந்தக் காலத்திலும் பழசாகக் கூடாது. கிரானரியின் நல்ல கற்களில் பல நம் வாசல் கற்களைவிடப் புதிதாகத் தெரிகின்றன. காலம் செய்ததாக நாம் நினைத்துக்கொண்டு செய்வது, காலம் அங்கே செய்யாத வேலை.

செய்முறையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். எழுத்துகளைத் தாளில் அச்சிட்டு, ஃபோம் மேல் ஒட்டி, பேனாவால் அழுத்தி வரைந்தால் அச்சு விழும். பிறகு டிரெமல் போன்ற சுழல் கருவியால் கால் அங்குல ஆழத்துக்குத் தோண்ட வேண்டும். முதலில் அடர்சாம்பல் நிறம் முழுக்கப் பூசி உலரவிட வேண்டும். அடுத்து வெளிர்சாம்பல் நிறத்தில் தூரிகையைத் தொட்டு, துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, காய்ந்த தூரிகையாலேயே மேலாகத் தடவ வேண்டும்; மேடுகளில் மட்டும் நிறம் பிடிக்கும். கடைசியாகக் கறுப்பில் நிறையத் தண்ணீர் கலந்து மேலிருந்து வழியவிட வேண்டும். அது எழுத்துப் பள்ளங்களில் போய்த் தங்கி, வழிந்த தடத்தில் மழைக்கறை மாதிரி காயும். அந்தக் கணத்தில் பலகை கல்லாகிறது. எத்தனை முறை செய்தாலும் எனக்கு அந்த மகிழ்ச்சி குறைவதில்லை.

சாயம் தண்ணீரில் கரைவதாக இருக்க வேண்டும். சாதாரண ஸ்பிரே பெயின்டில் இருக்கும் கரைப்பான் ஃபோமைத் தின்றுவிடும். என் முதல் கல் அப்படித்தான் போயிற்று. இரண்டு மாலை தோண்டிய எழுத்து ஒரு நிமிடத்தில் உருகிக் குழைந்தது. ஒட்டும் பசையும் ஃபோமுக்கென்று உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். சூடு வைக்கும் வேலையை வீட்டுக்குள் செய்யவே கூடாது. அந்தப் புகை நல்லதல்ல.

சிலேட்டில் தவறு நேர்ந்தால்? ஃபோமைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் வெட்டலாம். சிலேட்டில் அது ஆகாது. ஓர் எழுத்தையோ ஒரு சொல்லையோ விட்டுவிட்டால், வரிக்குக் கீழே ஒரு சிறு கூர்முனைக் குறி போட்டு, விட்டதை மேலே சின்னதாக வெட்டினார்கள். பள்ளிக் கட்டுரையில் நாம் செருகுவது போலவே. இப்படித் திருத்திய கற்களைப் பாஸ்டனைச் சுற்றிய நியூ இங்கிலாந்துப் பகுதியின் பழைய இடுகாடுகளில் காணலாம். வரியின் கடைசியில் இடம் போதாமல் எழுத்துகளை நெருக்கியடித்த கற்களும் உண்டு. அச்சிட்ட தாளை ஒட்டித் தோண்டும் என் எழுத்தில் இந்தத் தடுமாற்றம் வராது. அதனாலேயே அதில் கை தெரிவதில்லை. இந்த ஆண்டு தாள் இல்லாமல் பென்சிலால் கோடிழுத்து நேராக எழுதினேன். ஒரு வரி வலப்பக்கம் நெருங்கிப் போனது. என் கற்களில் அதுதான் உண்மைக் கல் போல நின்றது.

வடிவத்தைப் பார்ப்போம். நடுவில் பெரிய அரைவட்டம், இரு தோளிலும் சின்ன அரைவட்டம். வாசல் கற்களில் பத்துக்கு எட்டு இந்த வடிவம்தான். அந்தக் காலத்தில் தலைமாட்டில் ஒரு கல்லும் கால்மாட்டில் சின்னதாக ஒரு கல்லும் நட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கட்டில். உறங்குகிறவர் ஒருநாள் எழுவார் என்ற நம்பிக்கை அந்தக் கட்டிலில் இருக்கிறது. எழும்போது கிழக்கைப் பார்த்து எழ வேண்டும் என்று கால்களைக் கிழக்கே வைத்துப் புதைத்தார்கள். வாசல் இடுகாட்டில் கால்கல் வைக்கிறவரை நான் பார்த்ததில்லை. தலைக்கல் மட்டும்தான் வந்தது, கட்டில் வரவில்லை.

உருவங்களிலும் இப்படி ஒரு தேர்வு நடந்திருக்கிறது. ஜேம்ஸ் டீட்ஸ், எட்வின் டெத்லெஃப்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1960களில் மாசசூசெட்ஸ் இடுகாடுகளின் கற்களைக் கணக்கெடுத்தார்கள். கல்லில் ஆண்டு வெட்டியிருப்பதால் எந்த உருவம் எப்போது வந்து எப்போது மறைந்தது என்பது துல்லியமாகத் தெரிந்தது. முதலில் சிறகு முளைத்த மண்டையோடு. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி கடந்ததும் மண்டையோட்டுக்குச் சதை வைத்தது போல ஒரு முகம் வருகிறது. சிறகுள்ள குழந்தை முகம். அந்த நூற்றாண்டின் முடிவில் அதுவும் போய், சாம்பல் கலசமும் அதன் மேல் தலைகவிழ்ந்த வில்லோ மரமும் வருகின்றன. அங்கே குடியேறியவர்களின் கடுமையான பியூரிட்டன் சமயம் தளர்ந்த வரலாற்றை இந்த மூன்று உருவங்களில் அவர்கள் வாசித்தார்கள். வாசல் இடுகாட்டுக்கு வந்து சேர்ந்தது மண்டையோடு மட்டும். முகமும் வில்லோவும் அச்சுறுத்துவதில்லை. ஆனால் துயரத்தைக் கல்லில் காட்டுவதில் அந்த வில்லோவுக்கு இணையாக நான் எதையும் பார்க்கவில்லை. ஒரு கல்லிலாவது அதை வெட்டிப் பாருங்கள். தெருவில் போகிறவர்கள் அந்தக் கல்லிடம் நின்றுவிடுகிறார்கள்.

இதில் இன்னொன்றும் உண்டு. இந்த மண்டையோட்டை வெட்டச் சொன்ன பியூரிட்டன்கள் ஹாலோவீன் கொண்டாடியதே இல்லை. அனைத்துப் புனிதர் நாளும் அதற்கு முந்தைய மாலையான ஹாலோவீனும் அவர்கள் ஒதுக்கிய சடங்குகள். கிறிஸ்துமஸ் கொண்டாடினாலே ஐந்து ஷில்லிங் அபராதம் என்று மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை சட்டம் இருந்தது. அக்டோபர் 31ஆம் தேதி மாலையை அமெரிக்காவில் பரப்பியவர்கள் 19ஆம் நூற்றாண்டில் வந்த அயர்லாந்துக்காரர்களும் ஸ்காட்லாந்துக்காரர்களும். ஒரு சாராரின் இரவுக்கு, அதை ஏற்காத மற்றொரு சாராரின் கல் அலங்காரமாகிவிட்டது.

நிற்கவைப்பதற்கு வருவோம். சிலேட்டுக் கல்லில் கணிசமான பகுதி மண்ணுக்குள் இருக்கும்; எடையும் உண்டு. ஃபோமுக்கு எடை இல்லை, காற்றுதான் எமன். அடியில் இரண்டு துளையிட்டு ஓரடி பிவிசி குழாய்களைப் பசை வைத்துச் செருகி, மண்ணில் முறுக்குக் கம்பி அடித்து, குழாயை அதன் மேல் இறக்க வேண்டும். எல்லாக் கல்லும் நேராக நின்றால் கடைப்பொருள் போலத் தெரியும். ஒன்றை முன்னால் சாய்த்து, ஒன்றைத் தோள்வரை மண்ணில் இறக்கினால்தான் இடம் இடுகாடாகிறது. பழைய இடுகாட்டில் இந்தச் சாய்வைத் தந்தது உறைபனி. மண்ணுக்குள் நீர் உறைந்து உப்பிக் கல்லைத் தள்ளுகிறது. புகை இயந்திரம், சங்கிலி ஓசை, மோட்டாரில் பறக்கும் பேய் இவற்றைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. கல் சரியாக இருந்தால் அவை வேண்டாம். கல் சரியில்லை என்றால் அவை உதவாது.

வெளிச்சம் மட்டும் வேண்டும். அது எங்கிருந்து விழுகிறது என்பதில் இரண்டு உலகமும் ஒரே பாடத்தைக் கற்றிருக்கின்றன. நேர் முன்னாலிருந்து விளக்கடித்தால் வெட்டெழுத்து தட்டையாகிவிடும். தரையில், கல்லின் பக்கவாட்டில், சாய்வாக ஒரு சின்ன விளக்கு வைத்தால் ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் விழுந்து எழுந்து வரும். உண்மை இடுகாட்டில் மங்கிய கல்லைப் படிக்கிறவர்கள் இதையே கண்ணாடி வைத்துச் செய்கிறார்கள்: வெயிலை ஆளுயரக் கண்ணாடியில் பிடித்துக் கல்லின் மேல் சாய்வாக வீசுகிறார்கள். அதுவரை வெறும் கல்லாக இருந்ததில் பெயர் தெரியும். நீங்கள் போனாலும் இப்படிப் படியுங்கள். தாளை வைத்துக் கரித்துண்டால் தேய்த்துப் படியெடுப்பதைப் பாஸ்டனின் பழைய இடுகாடுகளில் தடை செய்திருக்கிறார்கள். சிலேட்டு அடுக்கு உள்ளே பிரிந்திருந்தால் அந்தத் தேய்ப்பிலேயே முகம் கழன்று விழுந்துவிடும்.

இவ்வளவு நேரம் வேறுபாடுகளை அடுக்கினேன். ஒற்றுமை ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் நான் வாசல் இடுகாட்டை மதிக்கிறேன். பழைய இடுகாடுகள் ஊருக்குள், கூடும் இடத்துக்கும் கடைக்கும் நடுவே இருந்தன. அந்தக் கற்கள் பேசியது போகிற வருகிறவர்களிடம்: நேரம் பறக்கிறது, உனக்கும் இதுதான் என்று. 1831இல் பாஸ்டனுக்கு வெளியே மவுன்ட் ஆபர்ன் என்ற தோட்ட இடுகாடு திறந்தது. மரமும் குளமும் வளைந்த பாதையுமாக மிக அழகான இடம். நாடெங்கும் அதைப் பார்த்து இடுகாடுகள் ஊர் ஓரத்துக்குப் போயின. அதன் பிறகு ஒரு குழந்தை பள்ளி போகும் வழியில் கல்லறைக் கல்லைப் பார்ப்பது அரிதாயிற்று. அக்டோபர் மாதத்தில் மட்டும், ஃபோம் பலகையில், அது மறுபடி தெருவுக்கு வருகிறது. குழந்தை அதன் முன் நின்று எழுத்துக்கூட்டுகிறது. "இவங்க யாரு?" என்று கேட்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்க வைப்பது சிறிய காரியம் அல்ல.

கேள்விக்குப் பதில் இல்லாததுதான் குறை. ஃபோம் கல்லின் பெயர் யாருடையதும் இல்லை. சிலேட்டுக் கல்லில் மண்டையோடு, சிறகு, விளிம்புக் கொடி எல்லாமே பெயருக்குச் சட்டகம். சாமுவேல் சூவல் என்ற நீதிபதி பாஸ்டனில் இருந்தார், கிரானரியில்தான் புதைக்கப்பட்டார். 1696 டிசம்பர் 25ஆம் தேதி, இரண்டே வயதான தன் மகள் சாராவை அடக்கம் செய்த நாளில், குடும்பக் கல்லறைக்குள் இறங்கி, மாமனார், மாமியார், முன்பே போன தன் ஆறு பிள்ளைகள் ஆகியோரின் பெட்டிகளை ஒழுங்கு பார்த்ததை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அச்சமும் ஒருவித நிறைவும் சேர்ந்தே அவருக்கு ஏற்பட்டிருக்கிறது. அவருக்கு அந்த இடத்தில் யாரும் 'யாரோ' இல்லை.

பொய்ப்பெயரில் தவறில்லை. அதற்கும் ஒரு நல்ல வழி காட்டப்பட்டிருக்கிறது. டிஸ்னிலேண்டில் 1969 ஆகஸ்ட் 9 அன்று திறந்த பேய் மாளிகைக்குப் பின், 1971இல் ஃபுளோரிடாவில் கட்டிய மாளிகையின் வாசல் கற்களில் அதை உருவாக்கிய கலைஞர்களின் பெயர்களையே கொஞ்சம் மாற்றிப் பொறித்தார்கள். அது நண்பர்களுக்குள் நடந்த மரியாதை. நானும் இந்த ஆண்டு ஒரு கல்லில் என் பெயரைத்தான் வெட்டினேன். மகள் படித்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இதை மட்டும் எடுத்துருங்கப்பா" என்றாள். எடுத்துவிட்டேன். பெயர் என்ன செய்யும் என்பதை அந்தக் கல் எனக்குக் காட்டியது.

அலங்காரத்துக்கு எடுத்துக்கொள்ளக் கூடாத பெயர்கள் சில இருக்கின்றன. ஆண்டுதோறும் பல வாசல்களில் '1692, சேலம் சூனியக்காரி, எரிக்கப்பட்டாள்' என்ற பொருளில் கற்களைப் பார்க்கிறேன். முதலில் அது பிழை. மாசசூசெட்ஸின் சேலம் ஊரில் நடந்த சூனிய வழக்குகளில் யாரும் எரிக்கப்படவில்லை. 1692இல் பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்டார்கள். வாய் திறக்க மறுத்த ஜைல்ஸ் கோரி என்ற முதியவரைக் கற்களை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். அவர்கள் சூனியக்காரர்களும் அல்ல. தீர்ப்பளித்த நீதிபதிகளில் ஒருவர் மேலே சொன்ன சூவல். மகளைப் புதைத்து மூன்று வாரம்கூட ஆகாத 1697 ஜனவரி 14 அன்று, தன் குற்றத்தை ஒப்புக்கொண்ட அறிக்கையைப் பாதிரியார் வாசிக்க, சபை நடுவே எழுந்து நின்றார்.

கொல்லப்பட்டபோது அந்த இருபது பேரில் ஒருவருக்கும் கல் நடப்படவில்லை. சேலம் சார்ட்டர் தெரு இடுகாட்டில் அவர்களை விசாரித்த ஜான் ஹாதோர்னுக்குச் சிலேட்டுக் கல் இருக்கிறது; 1717 என்ற ஆண்டோடு இன்றும் நிற்கிறது. அந்த இடுகாட்டை ஒட்டி வெளியே, முந்நூறு ஆண்டு கழித்து 1992இல்தான் இருபது கிரானைட் இருக்கைகள் வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு பெயரும், கொன்ற விதமும், நாளும் வெட்டினார்கள். பிரிட்ஜெட் பிஷப், சாரா குட், ரெபெக்கா நர்ஸ் என்று வரிசை போகிறது. ஹாலோவீன் வாரத்தில் அந்த ஊரில் கூட்டம் நெரியும். சிலர் அந்த இருக்கைகளில் பூ வைத்துவிட்டுப் போகிறார்கள்.

வாசலில் இடுகாடு கட்டுங்கள். வாரக் கடைசி முழுக்க உட்கார்ந்து, கையால் எழுதி, வில்லோ மரம் வெட்டி, நன்றாகக் கட்டுங்கள். கட்டுமுன் பக்கத்தில் இருக்கும் ஒரு பழைய இடுகாட்டில் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் நின்று பெயர்களைப் படியுங்கள். சேலத்தின் அந்த இருபது பெயர்களை மட்டும் ஃபோமில் வெட்டாதீர்கள்.